லிஃப்டுக்குள் பதிந்த மூச்சு

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. கேன் தண்ணீரில் குளித்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

டைரக்டர் கார்முகிலின் புதுப் படத்து ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டது. இரண்டு நிமிட ட்ரெய்லர் வேண்டும். இருபதாம் தேதி தியேட்டரில் வெளியீட்டு விழா. கதை இதுதான்: அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கும் ஒரு பெண். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் அவள் அழுத்தாத மாடியில் நிற்கிறது. இதற்கு மேல் எனக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முடிவு தெரிந்தால் கை அதை மறைக்கப் பார்க்கும். மறைக்கிற கை ட்ரெய்லரில் தெரிந்துவிடும். இது என்னோடு ஒலி வேலை பார்த்த ஜெபசிங் சொன்னது.

அவர் இல்லாமல் நான் செய்கிற முதல் ட்ரெய்லர். ஒரு தகவலுக்காக எழுதி வைக்கிறேன்.

நாங்கள் வேலை செய்த முறையை சாலிகிராமத்தில் பாதிப் பேர் கேலி செய்வார்கள். நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, எடுத்த காட்சிகள் அத்தனையையும் ஊமையாகப் பார்ப்பேன். அவர் அடுத்த அறையில் கண்ணை மூடிக்கொண்டு, பதிவான ஒலி அத்தனையையும் முதலிலிருந்து கடைசி வரை கேட்பார். நான் பொறுக்கி எடுத்தது அவருக்குத் தெரியாது. அவர் பொறுக்கியது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் இரண்டையும் சேர்த்துப் பொருத்துவோம். "இன்னிக்குப் பொண்ணு பார்க்கிற நாள்" என்பார்.

மார்ச் மாதம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோதே போய்விட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நகம் வெட்டிக்கொண்டேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கார்முகில் தயாரிப்பாளரிடம் எனக்காகப் பேசியிருக்கிறார். "ஜோடி உடைஞ்சுபோச்சே, அந்தம்மா தனியா செய்யுமா?" என்று தயாரிப்பாளர் கேட்டாராம். செய்யும் என்று சொல்லி வாங்கித் தந்திருக்கிறார். இது சரியாக வரவில்லை என்றால் அடுத்தது வராது.

ஜூன் 4, புதன்

நாள் முழுக்க ஊமைப் படம்.

ஒளிப்பதிவாளர் நல்லவர். கேமரா மெல்ல மெல்ல முன்னால் நகர்கிற ஷாட்கள் நிறைய எடுத்திருக்கிறார். அந்தப் பெண் துணி மடிக்கிறாள். கேமரா அவளிடம் போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் போவது தெரிவதில்லை. ஜன்னல் ஓரம் திரையிலிருந்து கழன்று வெளியே போன பிறகுதான், அட, கிட்டே வந்துவிட்டோமே என்று உறைக்கிறது. அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வெட்டிவிட வேண்டும். பார்க்கிறவனுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்ற வேண்டும். என்ன சரியில்லை என்று தெரியக்கூடாது.

பயப்பட வைக்கும் பொருளைக் காட்டவே கூடாது. அதைப் பார்க்கிறவளைக் காட்டினால் போதும். மிருதுளா என்று புதுப் பெண். கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி. திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தில் ஒரு நொடி நிறுத்துகிறாள். அதை எல்லோராலும் செய்ய முடியாது.

முன்பெல்லாம் சரியான வெட்டு விழுந்தால் எனக்கு உடம்பிலேயே தெரியும். இப்போது தெரிவதில்லை. இஸ்திரிக்குத் துணி வாங்க வந்த பாக்கியத்தை உட்காரவைத்து, செய்தவரைக்கும் காட்டினேன். திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த இரண்டு இடத்தையும் குறித்துக்கொண்டேன்.

"ஏம்மா, உள்ள போகாதடின்னு சொல்ல ஒரு ஆள் இல்லியா அந்தப் பொண்ணுக்கு?" என்றாள். பிறகு, "இந்தப் புடவைக்குக் கஞ்சி போடணுமா?"

ஜூன் 6, வெள்ளி

இன்று ஒலி.

ஜெபசிங் ஒலியைக் கேட்பார். நான் எடிட்டர், எனக்கு ஒலியைப் பார்க்கத்தான் பழக்கம். திரையில் அது மலைத்தொடர் போல விரியும். வசனத்துக்கு ஒரு வடிவம், கதவு சாத்தினால் ஒரு வடிவம், மூச்சுக்கு ஒன்று. பழகின கண் ஒரு மணி நேரப் பதிவைச் சில நிமிடத்தில் மேய்ந்துவிடும். எனக்கு வேண்டியது மூச்சு. லிஃப்ட் காட்சியின் ஒரு பதிவில், கடைசிப் பகுதியில், நான் தேடிய வடிவம் இருந்தது. நாலு மூச்சு. உள்ளே போவது நீளம், வெளியே வருவது குட்டை. நாலாவதின் வாலில் "ண்ணா" என்பதுபோல ஏதோ ஒட்டியிருந்தது. சத்தக் குப்பை. வெட்டிப் போட்டேன்.

அந்த மூச்சை வைத்த இடம்: ஷாட்கள் குறுகிக் குறுகி வந்து, இசை ஏறி ஏறி, ஏதோ விழப்போகிறது என்று எல்லோரும் காதைத் தயாராக வைத்திருக்கும் இடம். அங்கே எதுவும் விழாது. திரை கறுப்பாகும். இசை நின்றுவிடும். கறுப்பில் அந்த நாலு மூச்சு மட்டும். பிறகு லிஃப்ட் கதவு சாத்துகிற சத்தம், படம் இல்லாமல். சத்தம் முந்திக்கொள்ள வேண்டும். கண் அதைத் தேடிக்கொண்டு பின்னால் வரும்.

ராத்திரிக்கு ரசம் வைத்தேன். புளி அதிகம்.

ஜூன் 9, திங்கள்

கார்முகில் வந்து பார்த்தார். மூச்சு வந்த இடத்தில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"மேடம், இன்னொரு வாட்டி."

இன்னொரு வாட்டி போட்டேன்.

"இது போதும் மேடம். ட்ரெய்லரே இந்த நாலு மூச்சுதான். மீதியெல்லாம் அதுக்குப் பந்தல்."

தயாரிப்பாளருக்கு அங்கிருந்தே போன் செய்தார். மாலைக்குள் எல்லோரும் சரி சொல்லிவிட்டார்கள். ட்ரெய்லர் லாக். இனி ஒரு ஃப்ரேம்கூட யாரும் தொடக்கூடாது என்று அர்த்தம்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. குழம்பின் நிறத்தைப் பார்த்தே உப்பு சரியாக இருக்கும் என்று சொல்வோமே, அப்படித் தெரிகிறது. ருசி தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஜெபசிங்கின் மனைவி ஹெப்சி போன் செய்தாள்.

"அக்கா, வியாழக்கிழமை வீட்டுல ஒரு சின்ன ஜெபம் வெச்சிருக்கோம். வாங்களேன். ஸ்டுடியோவுல எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் ஒருதரம்கூட வரல."

"வேலை ஹெப்சி. ட்ரெய்லர் லாக் பண்ற நேரம்."

லாக் செய்தது நேற்று.

"சரிக்கா. சாப்பிட்டீங்களா?" என்றாள். அவளுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்றேன். அவருடைய ஹெட்போன் ஸ்டுடியோவில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கேஸ் சிலிண்டர் புக் செய்தேன்.

ஜூன் 12, வியாழன்

மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். திரையில் பார்ப்பதைவிடச் சின்னவள். மூச்சு வாங்கியது. மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள்.

"அக்கா, மிருதுளாங்க. லிஃப்ட் பொண்ணு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஆபீஸ்ல ட்ரெய்லர் போட்டுக் காமிச்சாங்க. ரொம்ப நல்லா இருக்குதுங்க்கா. அந்த மூச்சை மட்டும் எடுத்துருவீங்களா?"

"அதுதாம்மா எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

"அது நான் நடிச்சது இல்லீங்க."

"சில நேரம் அப்படித்தான் தோணும். நாமதான் செஞ்சோமான்னு நமக்கே..."

"இல்லீங்க்கா. அவங்க கட் சொல்லலைங்க. கதவைத் தொறக்கலைங்க." கையிலிருந்த ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "செட்டு லிஃப்டுதான், மரப்பலகைதான். ஆனா வெளிய தாழ் போட்டிருந்தாங்க. லைட்டையும் அமத்திட்டாங்க. எனக்குச் சொல்லவே இல்ல. மொதல்ல நடிச்சேனுங்க. அப்புறம் போதும்னேன். அப்புறம் எனக்கே தெரியலைங்க."

நான் கரண்டியை வைத்தேன். எடுத்தேன்.

"ஆபீஸ்ல ஒருக்கா கேட்டதுக்கே கீழ வந்து செருப்பு மாத்திப் போட்டுட்டுப் போயிட்டனுங்க. ஒண்ணு என்னுது, ஒண்ணு யாரோடதோ. இருபதாம் தேதி தியேட்டர்ல முன்வரிசையில உக்காரணும்னு அக்ரிமெண்ட்லயே இருக்குது. எங்கம்மா பக்கத்துல இருப்பாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அத்தனை பெரிய ஸ்பீக்கர்ல அது வந்துச்சுன்னா நான் எந்திரிச்சு ஓடிருவேனுங்க்கா. ஓடினா அதோட என் பொழப்பு முடிஞ்சுது."

ட்ரெய்லர் லாக் ஆகிவிட்டது, என் கையில் எதுவும் இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான். தலையாட்டினாள். தண்ணீர் கொடுத்தேன், முழுவதும் குடித்தாள். போகும்போது, "படி எந்தப் பக்கங்க்கா?" என்றாள். ஏறி வந்த படியே மறந்துவிட்டது. எதிரிலேயே லிஃப்ட் திறந்துதான் நின்றது.

சாதம் காய்ந்துவிட்டது. கழுவி வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

அந்தப் பதிவை இன்று முழுவதும் கேட்டேன். ஜெபசிங்கின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையை அணைத்து, கண்ணை மூடி, முதலிலிருந்து.

முதலில் நடிப்புதான். பயந்தவள் போலக் கத்துகிறாள், நன்றாகவே கத்துகிறாள். பிறகு பலகையைத் தட்டுகிறாள். பிறகு, "ஓகேங்களா?" என்கிறாள், சாதாரணக் குரலில். பதில் இல்லை. "சார்?" பதில் இல்லை. அப்புறம் உதவி இயக்குநரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மகேந்திரண்ணா. மகேந்திரண்ணா, போதுங்க. அதன் பிறகு வார்த்தை இல்லை. நான் வெட்டிப் போட்ட "ண்ணா", அவரைக் கடைசியாகக் கூப்பிட்டதன் மிச்சம்.

அதே நேரத்தில் ஓடிய காட்சியையும் தேடி எடுத்தேன். இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், ஊமையாக, வேகமாக ஓட்டி. கேமரா வெளியே நின்றிருக்கிறது. மூடிய லிஃப்ட் கதவு. பக்கத்தில் நாலைந்து பேர். ஒருவர் பிஸ்கட் சாப்பிடுகிறார். ஒருவர் வாட்சைப் பார்க்கிறார். கார்முகில் ஒரு விரலை உயர்த்தி, இருங்க என்று காட்டிக்கொண்டிருக்கிறார். ஊமையாகப் பார்த்தபோது இது எனக்கு ஒரு வீணான ஷாட். படப்பிடிப்பில் ஆட்கள் நிற்கிற ஷாட்.

இரண்டையும் பொருத்தி ஓட்டினேன். ஒரு தடவை போதும்.

ஜெபசிங் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார். அப்படி ஏதாவது கேட்டால் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து என் அறை வாசலில் நிற்பார். பேசமாட்டார். நான் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் நிற்பார். திரும்புவதற்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

ஜூன் 14, சனி

கார்முகிலிடம் பேசினேன். அவர் ஆபீஸில் மூச்சைப் பற்றித்தான் பேச்சு.

"அந்த மூச்சை மாத்தணும் தம்பி. அது அந்தப் பொண்ணு நடிச்சது இல்ல."

"அதனாலதானே மேடம் அது அப்படி இருக்கு!" சிரித்தார். அவரை ஒரு கெட்டவர் என்று எழுத என்னால் முடியவில்லை. எனக்கு வேலை வாங்கித் தந்தவர். வெளியே வரைக்கும் வந்து ஆட்டோ பிடித்துக் கொடுப்பவர். "அடுத்த நாள் அவங்களே கூலிங்கிளாஸ் போட்டுட்டு எங்க எல்லாரோடயும் செல்ஃபி எடுத்தாங்க. ஒண்ணும் ஆகல."

"முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நடிப்பாங்க மேடம்."

"நடிகை நடிக்கத்தானே வந்தா?"

மேசையில் இருந்த பேனாவை மூடினார், திறந்தார். "மேடம், உங்க மேல இருக்கற மரியாதையில சொல்றேன். தனியா நீங்க முடிப்பீங்களான்னு எல்லாரும் கேட்டாங்க. முடிச்சுக் காட்டிட்டீங்க. இப்ப அதை நீங்களே கலைக்காதீங்க. அடுத்த படமும் உங்களுக்குத்தான்."

மாற்றமாட்டேன் என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது.

ஆட்டோவில் வரும்போது மழைத் தூறல். கொடியில் துணி இருந்தது நினைவுக்கு வந்தது.

ஜூன் 16, திங்கள்

மிருதுளாவுக்கு போன் செய்தேன். அந்த இடத்தில் மூச்சு இல்லாமல் முடியாது, பந்தல் சரிந்துவிடும் என்று விளக்கினேன். வேறு மூச்சு இருந்தால் வைப்பேன். "டப்பிங்ல வந்து நீ புதுசா கொடுக்க முடியுமா? டைரக்டருக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியாது."

பின்னணியில் குக்கர் விசில்.

"கேட்டிருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேனுங்க்கா" என்றாள். "அதான் என் வேலையே."

ஜூன் 18, புதன்

அடுத்த தெரு டப்பிங் தியேட்டரை கனி பாய் நடத்துகிறார். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார், அப்போதுதான் காலியாக இருக்குமாம். வாடகை வேண்டாம் என்றார். "ஜெபசிங் எனக்கு எத்தனை டீ வாங்கிக் கொடுத்திருப்பான், அதுல கழிச்சுக்க அரசி." என் முழுப் பெயர் மங்கையர்க்கரசி. அதை அரசி என்று சுருக்கியவர் ஜெபசிங், மற்றவர்கள் அவரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

ஒலிப்பதிவு அறைக்குச் சத்தம் புகாத கதவு, ஒரு சாண் தடிமன். மிருதுளா வாசலிலேயே நின்றுவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் இதை யோசிக்கவே இல்லை.

"கதவை மூடாமப் பண்ணலாங்களா?"

"மூடலைன்னா தெருவுல போற கீரைக்காரம்மாவும் உங்க படத்துல நடிச்சிடும்" என்றார் கனி பாய். அவள் முகத்தைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் ஏசியை நிறுத்தினார், ஃபேனை நிறுத்தினார், வராந்தாவில் இருந்தவர்களைத் துரத்திவிட்டு வந்தார். நான் உள்ளே தரையில் உட்கார்ந்து, கதவு சாத்தாமல் இருக்கக் காலை நீட்டி முட்டுக் கொடுத்தேன். நாற்பத்தைந்து வயதில் செய்கிற வேலை இது.

முதல் டேக் சரியில்லை. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதில் சிரித்துவிட்டாள்.

"நடிச்சா பொய்யா இருக்குதுங்க்கா. நீங்க ஒருக்கா பண்ணிக் காட்டுங்க."

செய்து காட்டினேன்.

"ஐயோ, இது பிராணாயாமங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கனி பாய் தோள் குலுங்கியது. மைக்கில் சொன்னார்: "அரசி, சூரிய நமஸ்காரமும் பண்ணிடுறியா, தனி டிராக்ல எடுத்துக்கறேன்."

மிருதுளா என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். கனி பாய் மைக்கைக் கீழே இறக்கிவைத்துவிட்டுப் போனார். அவள் மெதுவாகக் கேட்டாள்: "நீங்க எங்கயாவது அடைபட்டு நின்னிருக்கீங்களாக்கா?"

"உள்ள இல்ல. வெளிய நின்னிருக்கேன்."

"எங்கீங்க?"

"சர்ச்ல."

ஜெபசிங்கின் பெட்டியை மூடப்போகிறார்கள், குடும்பத்தார் மட்டும் உள்ளே இருங்கள் என்றார்கள். மற்றவர்கள் வெளியே வந்தோம். சினிமாக்காரர்கள் எல்லாம் இந்தப் பக்கம் வரிசையாக நில்லுங்கள் என்று ஒரு பெரியவர் ஒழுங்கு செய்தார். நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் லைட்மேன் யூனியனின் மாலை. கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. இதுதான் அவளிடம் சொன்னது. சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தச் சத்தத்தை அவர் எப்படிப் பதிவு செய்திருப்பார், எந்தத் தூரத்தில் மைக்கை வைத்திருப்பார் என்று அன்று யோசித்தேன் என்பதையும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு வரிசையாக எழுத வரவில்லை. மிருதுளா ஆரம்பித்துவிட்டாள். உள்ளே நீளமாக, வெளியே குட்டையாக. நன்றாக வருகிறது என்று நினைத்தேன். கூடவே இன்னொரு சத்தம் வந்தது. வெளியே யாரோ என்று கனி பாயைப் பார்த்தேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்துகொண்டு எதையோ தேடுவதுபோல இருந்தார். மிருதுளா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

சிவப்பு விளக்கு அணைந்த பிறகு, "டீயா, காபியா?" என்றார் கனி பாய்.

பிறகு போட்டுக் கேட்டோம். "ஒரே மைக்கும்மா. ரெண்டு பேரையும் பிரிக்க முடியாது" என்றார் அவளிடம். "வேணும்னா இன்னொண்ணு எடுக்கலாம்."

"வேண்டாங்க" என்றாள் மிருதுளா. "இப்ப இது என்னுது. கூட அக்கா இருக்காங்க. அவ்வளவுதானுங்க."

ஸ்டுடியோவுக்கு வந்து பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தேன். கறுப்பு ஃப்ரேம்களைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது.

ஜூன் 19, வியாழன்

கார்முகில் இறுதிப் பிரதியைப் பார்க்க வந்தார். அவருக்குத் தெரியாமல் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது மூச்சிலேயே கையை நீட்டினார்.

"மேடம், மாத்தியிருக்கீங்க."

"ஆமா."

"என்கிட்ட கேக்கல."

"கேட்டேன். நீங்க வேண்டாம்னீங்க. அந்தப் பொண்ணே வந்து புதுசா கொடுத்திருக்கா."

"பழசு வேணும் எனக்கு."

"உங்க டிஸ்க்ல அப்படியே இருக்கு, நான் எதையும் அழிக்கல. வேற யாரையாவது வெச்சு மாத்திக்குங்க. என் பேரைப் போட வேண்டாம். நான் வைக்கமாட்டேன்."

இதை எழுதும்போது தைரியமாகப் பேசியதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. தண்ணீர் கேன்காரரிடம் இன்றைக்கு ஒரு கேன் போதும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னேன். அதுதான் அவரைப் பயமுறுத்தியதோ என்னவோ. ஜன்னல் பக்கம் போய் நின்றார். நாளை காலை விழா. போனைப் பார்த்தார், பையில் போட்டார்.

"இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டேன்.

"ரெண்டு பேர் இருக்கற மாதிரி கேக்குது."

"ம்."

"படத்துல அவ ஒருத்திதான். சரி. உள்ள வேற யாரோ இருக்காங்கன்னு நினைச்சுக்குவாங்க. டிக்கெட் வாங்கினா வாங்கட்டும்." வாசலில் திரும்பினார். "இது நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா என் அடுத்த படத்துக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

சரி என்றேன். அவர் விரலை உயர்த்திக்கொண்டு நின்ற அந்த ஷாட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் படியில் இறங்கிவிட்டார். அவர் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

கடைசி வரிசையில் இடம் கொடுத்தார்கள். மிருதுளா முன்வரிசையில், பச்சைப் பட்டுப் புடவையில். பக்கத்தில் அவள் அம்மா.

திரை கறுப்பானதும் நான் திரையைப் பார்க்கவில்லை. அவள் தலையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். மூச்சு வந்தது. தியேட்டர் முழுக்க ஒரு சத்தமும் இல்லை, பாப்கார்ன் கவர்கூட. அவள் தலை அசையவில்லை. லிஃப்ட் கதவு சாத்தியபோது எனக்கு முன்னால் இருந்த வரிசை மொத்தமும் துள்ளியது. ஒரு ஆள் "யப்பா" என்று கத்தினார், எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் திரும்பி, இருட்டில் என்னைத் தேடினாள். என்னைப் பார்த்தாளா என்று தெரியாது.

வெளியே கூட்டத்தில் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுங்களா? 'ஏம் புள்ள, மூச்சு உடறதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க'ங்கறாங்க."

அவள் அம்மா என்னை வணங்கினார். நானும் வணங்கினேன். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன். பகலில் நான் தூங்குவதில்லை.

ஜூன் 21, சனி

சிலிண்டர் வந்தது. வேலை எதுவும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச் முடிகிற நேரத்துக்கு ஹெப்சி போன் செய்தாள். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம், பிறகு அவள் எங்கோ தள்ளிப் போவது கேட்டது.

"அக்கா, ட்ரெய்லர் பார்த்தேன். பசங்க போன்ல போட்டுக் காமிச்சாங்க."

"ம். எப்படி இருந்துச்சு?"

"அந்தப் புள்ள மூச்சு விடுதுல்ல, இருட்டுல." நிறுத்தினாள். "அதுக்கு அடியில இன்னொருத்தங்க இருக்காங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான் கொயர்ல ஆல்டோ பாடறவ அக்கா. எனக்குக் கீழ்க்குரல்தான் முதல்ல கேக்கும். பசங்களுக்குத் தெரியல. யாருக்கும் தெரியாது. நீங்கதானே அது?"

ஆமாம் என்றேன். அவள் இப்போது என்னவெல்லாம் கேட்கலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் எதையும் கேட்கவில்லை.

"எனக்கு இன்னும் அழுகை வரல அக்கா" என்றாள். "எல்லாரும் வந்து அழுதாங்க. நான் காபி போட்டுக் கொடுத்துட்டு இருந்தேன். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வேண்டாம்னு கேட்டுக் கேட்டு. இன்னிக்கு வரைக்கும் அப்படியேதான் இருக்கேன். கல்லு மாதிரின்னு என் நாத்தனார் சொல்றா. நேத்து அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஏதோ வர்ற மாதிரி இருக்கும், உடனே அந்த டமார்னு கதவு வந்துடுது. அது போயிடுது."

"அந்த இடத்துல அப்படித்தான் வைக்கணும் ஹெப்சி" என்றேன். இதைத்தான் சொன்னேன் நான்.

"தெரியும். அவரும் அப்படித்தான் வெச்சிருப்பார்." மூக்கை உறிஞ்சினாள், அழுகை இல்லை, சளி. "அது மட்டும் தனியா இருக்குமா அக்கா? அந்தப் புள்ள இல்லாம, கதவு இல்லாம, உங்களோடது மட்டும். இருந்தா எனக்கு அனுப்புங்களேன்."

பிரிக்க முடியாது என்று சொன்னேன். ஒரே மைக்கில் இரண்டு பேரும் சேர்ந்து பதிந்தது, தனியாக எடுக்க வழியில்லை.

"அப்ப நீங்களே வாங்கக்கா" என்றாள்.